எண்ணெய்ச்சட்டி வைக்காத டிசம்பர்

காஞ்சிபுரம் வருகிறவர்கள் கோயில் பார்ப்பார்கள், பட்டு வாங்குவார்கள், சாயங்காலத்துக்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிற பக்கம், பொம்மைக்காரத் தெரு என்று ஒன்று இருப்பது கொலு வைக்கிற வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். திண்ணையிலும் நடையிலும் மொட்டைமாடியிலும் கை ஒட்டாத முருகனும், வண்ணம் பூசாத வெள்ளைப் பிள்ளையாரும், தலைகள் மட்டும் வரிசையாகக் காயும் தசாவதாரமும் இருக்கும். தலைமுறைகளாகக் காகிதக் கூழிலும் களிமண்ணிலும் பொம்மை செய்கிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன.

2019இல் அத்திவரதர் நாற்பது வருஷம் கழித்துக் குளத்திலிருந்து வெளியே வந்தார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை தரிசனம். முதலில் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். ஊருக்குள் நடக்க முடியாத கூட்டம். அந்த வருஷ நவராத்திரிக்குள் அவர் இரண்டு கோலத்திலும் பொம்மையாகிக் கடைக்கு வந்துவிட்டார். தெருவின் வேகம் அப்படி.

அதே தெருவில் குடில் பொம்மையும் கிடைக்கும் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் மனைவிக்கு ஊர் தூத்துக்குடி மாவட்டம், நாசரேத் பக்கம். ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம், பழகினோம், இரண்டு வீட்டிலும் கொஞ்சம் அழுகைக்குப் பிறகு கல்யாணம் நடந்தது. காஞ்சிபுரத்தில் எங்கள் முதல் கிறிஸ்துமஸ் வந்தபோது, குடில் செட் வாங்கப் பாரிமுனை வரை போகலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னாள்: "பொம்மைக்காரத் தெருவுல கேட்டுப் பாருடா. அவங்க செய்யாத பொம்மையா?" பிறகு மருமகளைப் பார்த்து, "உங்க பண்டிகைக்கு எத்தனை பொம்மை வேணும்மா?" என்றாள்.

அந்த 'உங்க' என்ற சொல்லில் கோபம் இல்லை. விருந்தாளிக்குத் தனித் தட்டு எடுத்துவைக்கிற மரியாதை மாதிரி ஒன்று. ஆனால் விருந்தாளி என்பதும் அதில் இருந்தது.

போய்க் கேட்டோம். அறுபது வயது தாண்டிய ஒரு பெரியவர், மேல்சட்டை இல்லாமல் உட்கார்ந்து ஒரு பசுமாட்டின் கொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குடில் செட் இருக்கிறது, ஆனால் மழைக்கு முன்னால் செய்ததோடு சரி என்றார். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொம்மை காயாது, அதனால் டிசம்பரில் விற்கிற குடிலை வெயில் காலத்திலேயே செய்துவிட வேண்டும். உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்து பிரித்தார்.

மாட்டுக்குத் திமில் இருந்தது, பெத்லகேம் மாட்டுக்குத் திமில் உண்டா என்று மனைவி சிரித்தாள். பெரியவர் அசரவில்லை. "கிருஷ்ணர் செட்டுல நிக்கிற பசுதாம்மா இது. அச்சு ஒண்ணுதான். மாடு மாடுதானே, எங்க நின்னாலும் பால் குடுக்கும்." கழுதை, கிராமத்து செட்டில் வருகிற வண்ணான் கழுதை. மூன்று ராஜாக்களும் பட்டாபிஷேக செட்டிலிருந்து வந்தவர்கள், தாடி மட்டும் புதிதாக ஒட்டியிருந்தது. மேய்ப்பன் தோளில் துண்டு. மரியாளின் கண்கள் இந்த ஊர் அம்மனின் கண்கள், நீளமானவை. தேவதூதனுக்கும் ஒட்டகத்துக்கும்தான் புது அச்சு எடுக்க வேண்டியிருந்ததாம். "றெக்கைதான் கஷ்டம். காயறப்ப ஒரு பக்கம் தொங்கிடும்," என்றார்.

*

என் தொழிலில் யாரும் எதையும் முதல் வரியிலிருந்து எழுதுவதில்லை. ஏற்கெனவே யாரோ எழுதியதை எடுத்து, பெயரை மாற்றி, நமக்கு வேண்டியதைச் சேர்த்து ஓட விடுகிறோம். அதனாலோ என்னவோ, அந்த மாட்டின் திமில் எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. இந்தப் பண்டிகையே இப்படித்தான் சேர்ந்திருக்குமோ என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் தெருவில் பலருக்கும் கிறிஸ்துமஸ் என்பது வெள்ளைக்காரன் கப்பலில் முழுசாகக் கொண்டுவந்து இறக்கிய சரக்கு. மரம், கேக், நட்சத்திரம், தாத்தா, எல்லாம் ஒரே பெட்டியில் வந்ததாக நினைப்பு. காஞ்சிபுரத்தைப் பொறுத்தவரை இது சரியே இல்லை.

இங்கே புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவம் வேர்விட்டதில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி 1837இல் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1839இல் அதன் கிளை ஒன்று காஞ்சிபுரத்தில் வந்தது. ஆண்டர்சன் பள்ளி என்று இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. ரயில் நிலையம் பக்கம் செங்கல் வளைவுகளோடு நிற்கிற கிறிஸ்து ஆலயம் 1921இல் கட்டியது.

இதில் விசேஷம் என்னவென்றால், அந்த ஸ்காட்லாந்துக்காரர்களின் ஊரில் கிறிஸ்துமஸ் பண்டிகையே கிடையாது. சீர்திருத்தத் திருச்சபை அங்கே வலுத்தபோது, வேதத்தில் தேதி சொல்லப்படாத பண்டிகையை மனுஷர் ஏற்படுத்தினது என்று தள்ளிவிட்டார்கள். 1640இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறையைச் சட்டம் போட்டே நீக்கியது. அந்தச் சட்டம் பிறகு போய்விட்டாலும் பழக்கம் போகவில்லை. டிசம்பர் 25 அன்று கடை திறந்திருக்கும், தறி ஓடும், பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். கொண்டாட்டமெல்லாம் வருஷக் கடைசி ராத்திரிக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் சபைகள் மெல்ல இளகின. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை ஆனது 1958இல். அதாவது அந்த நாட்டுக்குக் கிறிஸ்துமஸ் லீவு வருவதற்குள் நமக்குச் சுதந்திரம் வந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

கடல் தாண்டியும் இதே கதை இருந்தது. இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் ஆதிக்கத்தில் இருந்த நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸைத் தடை செய்தது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை, அந்த நாளைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம்.

நாம் 'மேல்நாட்டுக் கிறிஸ்துமஸ்' என்று சொல்லும் சாமான்கள்கூட ஆண்டர்சன் காஞ்சிபுரத்தில் பள்ளி திறந்தபோது முழுசாக உருவாகியிருக்கவில்லை. லண்டனில் ஹென்றி கோல் முதல் வாழ்த்து அட்டையை அச்சடித்து விற்றது 1843இல். டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை வந்ததும் அதே வருஷ டிசம்பரில். ஜெர்மன்காரர்களின் மரம் இங்கிலாந்து வீடுகளில் பரவியது, விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் ஒரு பத்திரிகையில் வந்த பிறகுதான்.

டிசம்பர் 25 என்ற தேதியே ரோமில் 354ஆம் ஆண்டு தொகுத்த ஒரு நாட்காட்டியில்தான் முதன்முதலாகக் கண்ணில் படுகிறது. ஆர்மீனியர்களுக்கு அது ஜனவரி 6. சென்னையில் நாம் அரண்மனைக்காரத் தெரு ஆக்கிவிட்ட ஆர்மீனியன் தெருவில் 1772இல் கட்டிய அவர்களுடைய ஆலயம் இன்றும் இருக்கிறது. எத்தியோப்பியர்களுக்கு ஜனவரி 7.

அப்படியானால் எங்கள் ஊர்க் கிறிஸ்துமஸ் எங்கிருந்து வந்தது? கப்பலில் வந்தது கொஞ்சம். மிச்சம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பண்டிகைக்குப் புதுத்துணி எடுக்க வேண்டும் என்பது வேதத்தில் இல்லை, தீபாவளியில் இருக்கிறது. தட்டில் பலகாரம் வைத்து, மேலே துணி போட்டு மூடி, பிள்ளைகள் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்புவதும் அப்படித்தான். வாசலில் கோலம் போட்டு நடுவில் வாழ்த்து எழுதுவதும் அப்படித்தான். கேரல் பாடுகிறவர்கள் ஆர்மோனியத்தையும் மேளத்தையும் வைத்துக்கொண்டு ராத்திரியில் தெருத்தெருவாக வருகிறார்கள். விடிகாலையில் அதே மார்கழிக் குளிரில் பஜனை கோஷ்டி வருகிறது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நாய்கள்தான் குரைக்கின்றன.

மனைவி வீட்டில் கேக் எல்லாம் பிற்காலத்துச் சமாச்சாரம். அவள் பாட்டி காலத்தில் பண்டிகை என்றால் அதிரசம், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு. அந்த அச்சு முறுக்கைப் பற்றித் தேடினால் அது ஒரு தனி உலகப் பயணம். நீளக் கம்பியின் முனையில் பூ வடிவ இரும்பு அச்சு, அதைக் காயும் எண்ணெயில் சூடாக்கி, மாவில் தோய்த்து, திரும்ப எண்ணெயில் வைத்து உதறினால் பூ கழன்று மிதக்கும். இதே மாதிரி அச்சில் நார்வேயிலும் ஸ்வீடனிலும் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் செய்கிறார்கள். கேரளத்தில் அச்சப்பம். ஆங்கிலோ இந்தியர் வீட்டில் ரோஸ் குக்கி. இலங்கையில் இதன் பெயர் கொக்கிஸ், பிஸ்கட்டுக்கான டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆனால் சிங்களவர்கள் அதைச் சுடுவது சித்திரைப் புத்தாண்டுக்கு. ஒரு நாட்டில் ஏசு பிறந்த நாளுக்குச் சுடுவதை இன்னொரு நாட்டில் வருஷப் பிறப்புக்குச் சுடுகிறார்கள். இரும்பு அச்சுக்கு அது எந்தப் பண்டிகை என்று தெரியாது. அடுப்படியில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

*

குடிலின் வரலாறும் இப்படித்தான் போகிறது.

அசிசியின் பிரான்சிஸ் 1223ஆம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு, இத்தாலியில் கிரெச்சியோ என்ற மலைக்கிராமத்தில், ஒரு தொட்டியில் வைக்கோல் பரப்பி நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். ஏழை ஜனங்கள் கண்ணால் பார்க்கட்டும் என்பதற்காகச் செய்தது. லூக்கா எழுதிய பிறப்புக் கதையில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. மத்தேயுவில் கிழக்கிலிருந்து வருகிற சாஸ்திரிகள் மூன்று பேர் என்றும் இல்லை, ராஜாக்கள் என்றும் இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றானார்கள்.

பிரான்சிஸுக்குப் பிறகு ஒவ்வொரு ஊரும் அந்தத் தொட்டியைச் சுற்றித் தன் ஊரையே நிற்க வைத்தது. நேப்பிள்ஸ் நகரத்தில் சான் கிரிகோரியோ அர்மேனோ என்று ஒரு தெரு, அவர்களுடைய பொம்மைக்காரத் தெரு. அங்கே குழந்தை ஏசுவுக்குப் பக்கத்தில் மீன்காரர், பழக்காரி, பீட்சா சுடுகிறவர் எல்லாரும் உண்டு. கால்பந்து வீரர்களையும் அரசியல்வாதிகளையும் கூடப் பொம்மையாக்கி விற்கிறார்கள். நம் தெருவில் அத்திவரதர் வந்த மாதிரிதான். பிரான்சின் தெற்கே புரோவான்ஸில் சாந்தோன் என்ற சின்னக் களிமண் பொம்மைகள். புரட்சிக் காலத்தில் தேவாலயங்களை மூடிவிட்டதால் ஜனங்கள் வீட்டுக்குள் குடில் வைக்க ஆரம்பித்தார்கள், அதற்கு மலிவாக அச்சில் வார்த்த பொம்மைகள் வந்தன. கத்தி சாணை பிடிக்கிறவர், ஊர்த் தலைவர், கூடைக்காரி என்று முழுக் கிராமமும் அதில் இருக்கும். போலந்தின் கிராகோவ் நகரத்துக்காரர்கள் தொழுவமே வைப்பதில்லை. தங்கள் ஊர்க் கோபுரங்களை வண்ணக் காகிதத்தில் கட்டி அதற்குள் குழந்தையை வைப்பார்கள். 2018இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

தமிழில் இது நடந்து முந்நூறு வருஷம் ஆகிறது. வீரமாமுனிவர் 1726இல் சூசையப்பரைத் தலைவராக வைத்துத் தேம்பாவணி பாடியபோது, நம் காவிய மரபுப்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் வைத்தார். யூதேயா தமிழ்நாட்டு வயல்வெளியாக மாறியது. பொம்மைக்காரப் பெரியவர் மாட்டுக்குத் திமில் வைத்தது அந்த மரபில்தான்.

கொலுவிலும் நாம் வேறென்ன செய்கிறோம்? மேல்படியில் சாமி. கீழே வர வர ஊர். செட்டியாரும் செட்டிச்சியும் அரிசி பருப்புக் கடை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கல்யாண ஊர்வலம், பேண்டு வாத்தியம், போலீஸ்காரர், கிரிக்கெட் டீம். சாமி நம்ம ஊருக்கு வந்தால் யார் யாரைப் பார்ப்பார் என்று யோசித்து வைத்த மாதிரி இருக்கும். நேப்பிள்ஸ்காரர் ஒருவரைக் கூட்டிவந்து எங்கள் வீட்டுக் கொலு முன்னால் நிறுத்தினால் அவருக்கு விளக்கமே தேவைப்படாது.

*

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. வீட்டுக்குள் நடந்தது வேறு கணக்கு.

அப்பா பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து நாற்பது வருஷத்துக்கு மேல் நெய்தவர். எங்கள் கல்யாணம் முடிவானபோது அவர் சம்மதத்தையும் சொல்லவில்லை, மறுப்பையும் சொல்லவில்லை. ஒரு நாள் மனைவி வீட்டில் பெண்ணுக்கு என்ன கலர் புடவை என்று மட்டும் கேட்கச் சொன்னார். அவர்கள் பக்கம் தேவாலயத்தில் மணப்பெண் கட்டுவது சந்தன வெள்ளை. 1840இல் விக்டோரியா ராணி வெள்ளை உடுப்பில் கல்யாணம் செய்துகொண்ட பிறகு பரவிய பழக்கம், நாசரேத் பக்கம் வந்து பட்டுப்புடவையில் ஏறிக்கொண்டது.

அம்மாவுக்கு வெள்ளை என்றதும் முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கம் மணவறையில் வெள்ளைக்கு இடம் கிடையாது. அது வேறு பெண்களுக்கு, வேறு நாளுக்கு. அப்பா ஒன்றும் பேசாமல் வெள்ளைப் பாவு போட்டார். கோர்வைப் புடவை, கரைக்கு இன்னொரு ஆள் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். இருபது நாளுக்கு மேல் ஆனது. ஒவ்வொரு முறை தறியில் இறங்கும் முன்னாலும் கையை சோப்புப் போட்டுக் கழுவினார், வெள்ளையில் விரல் அழுக்குப் பட்டால் போகாது. அம்மா ஒரு நாள் தறிப் பக்கம் வந்து நின்று பார்த்தாள். அப்பா தலை நிமிராமல் சொன்னார்: "பட்டு மொதல்ல வெள்ளையாத்தான் வருது. கலரு நாமதான் போடறோம்."

அந்தப் புடவையைத்தான் அவள் கல்யாணத்தில் கட்டினாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் காலை ஆராதனைக்கு அதைக் கட்டிக்கொண்டு போவாள். அப்பா திண்ணையில் இருந்து ஒரு பார்வை பார்ப்பார், சரிகை மங்கவில்லை என்று தெரிந்துகொள்கிற பார்வை.

கல்யாணமாகி ஆறாவது வருஷம் ஆகஸ்டில் அப்பா போய்விட்டார்.

எங்கள் வழக்கத்தில் வீட்டுப் பெரியவர் போனால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. கொலு வைக்கவில்லை, பொம்மைகள் டிரங்குப் பெட்டியிலேயே இருந்தன. தீபாவளிக்கு எண்ணெய்ச்சட்டி வைக்கவில்லை. இந்த வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த வீடு அடுப்பில் பலகாரம் சுடக் கூடாது என்றால், அக்கம்பக்கம் அந்த வீட்டை வெறும் வயிறாக விடக் கூடாது. எதிர்வீட்டு அக்காவும், பின் தெருவில் அப்பாவோடு நெய்தவர்கள் வீட்டிலிருந்தும் பாத்திரம் பாத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். துக்கத்தை ஊர் பங்கு போட்டுக்கொள்கிற விதம் அது.

டிசம்பர் வந்தது. மகளுக்கு அப்போது நாலு வயசு. தெருமுனைக் கடையில் காகித நட்சத்திரம் தொங்குவதைப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டு ஸ்டார் எப்போ போடுவோம் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். மனைவி என்னிடம், "அத்தைகிட்ட நீயே கேளு, நான் கேட்டா நல்லா இருக்காது," என்றாள். நான் கேட்பதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்திருந்தபோது பேச்சு தானாக வந்தது.

சித்தப்பா தாராளமான ஆள். "இதுல யோசிக்க என்ன இருக்கு அண்ணி? அது அவங்க பண்டிகை. நம்ம தீட்டு அதுக்கு ஒட்டாது. கொழந்தை ஆசைப்படுது, வச்சிட்டுப் போகட்டும்," என்றார்.

நியாயமான பேச்சு. நாங்கள் கேட்டிருந்தாலும் இதற்கு மேல் கேட்டிருக்க மாட்டோம். அம்மா பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா படத்துக்குப் போடுவதற்கு. ஒரு கண்ணி கட்டி முடிக்கிற வரை ஒன்றும் பேசவில்லை.

"அதென்ன அவங்க பண்டிகை?" என்றாள். "இந்த வீட்டுல வக்கிற பண்டிகைதானே? அவரு போன வருஷத்துல இந்த வீட்டுல எந்தப் பண்டிகையும் கெடையாது. கொலு கெடையாது, தீவாளி கெடையாது, கிறிஸ்மஸும் கெடையாது. அவ இந்த வீட்டு மருமக இல்லையா? அவளுக்கு மட்டும் மாமனார் சாகலையா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் போனேன். பீரோ திறந்திருந்தது, வெள்ளைப் புடவை மடியில் இருந்தது. அழுதிருந்தாள். ஆனால் நான் பயந்த அழுகை இல்லை.

"ஆறு வருஷத்துல இன்னிக்குத்தான் அத்தை 'உங்க பண்டிகை'ன்னு சொல்லல," என்றாள்.

அன்று ராத்திரி நாசரேத்துக்கு போன் செய்து அவள் அம்மாவிடம் பேசினாள். "எங்க வீட்ல இந்த வருஷம் பண்டிகை இல்லம்மா." அந்தப் பக்கம் அத்தைக்கு இது புதிதே இல்லை. அவர்கள் ஊரிலும் துக்கம் நடந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் போடுவதில்லை, புதுத்துணி எடுப்பதில்லை. "அதானே மொற," என்றார்களாம். வேறு வேறு வேதம் படிக்கிற இரண்டு வீடுகள், அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவை, துக்கத்துக்கு ஒரே சட்டம் வைத்திருந்தன.

நான் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். சித்தப்பா கொடுத்தது அனுமதி. நல்ல மனசோடு கொடுத்தது. ஆனால் அதில் என் மனைவி வாசலுக்கு வெளியே இருந்தாள். அம்மா செய்தது தடை. அந்தத் தடையால் அவள் வீட்டுக்குள் வந்தாள், அவள் கூடவே அவள் பண்டிகையும் வந்தது. ஒரு பண்டிகை நம்முடையதா இல்லையா என்று கண்டுபிடிக்க, அதைக் கொண்டாடுகிறோமா என்று பார்த்தால் போதாது போல. நமக்கு ஒன்று ஆகும்போது அதை நிறுத்துகிறோமா என்றும் பார்க்க வேண்டும்.

24ஆம் தேதி ராத்திரி கேரல் கூட்டம் வந்தது. வாசலில் நட்சத்திரம் இல்லாததைப் பார்த்து மேளக்காரர் கையை எடுத்துவிட்டார். மேளமில்லாமல் ஒரே ஒரு பாட்டு பாடினார்கள், ஒரு ஜெபம், காபி குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்கள். அம்மா நிலைப்படியில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள்.

மறுநாள் காலை மனைவியும் மகளும் பழைய துணியில் ஆராதனைக்குப் போய்விட்டு வந்தார்கள். அடுப்படி மேடையில் நாலு பாத்திரம் இருந்தது. எதிர்வீட்டு அக்கா முறுக்கு சுட்டிருந்தார். பின் தெருவிலிருந்து அதிரசம். சபையில் மனைவிக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக் கேக். இன்னொரு தூக்கில் பாயசம், யார் கொடுத்தது என்று அம்மாவுக்கே ஞாபகம் இல்லை. எதிர்வீட்டு அக்காவிடம், கிறிஸ்துமஸுக்கு எதுக்குக்கா நீங்க முறுக்கு சுட்டீங்க என்று மனைவி கேட்டாள்.

"உங்க வீட்ல எண்ணெய்ச்சட்டி வைக்கலையேம்மா," என்றார் அவர். அதற்கு மேல் காரணம் வேண்டுமா என்பது மாதிரி.

*

அடுத்த வருஷம் ஆகஸ்டில் வருஷத் தெவசம் முடிந்தது. புரட்டாசியில் கொலு வைத்தோம், ஐப்பசியில் எண்ணெய்ச்சட்டி வைத்தோம். டிசம்பரில் பெரியவரிடம் வாங்கிய அதே குடில் செட்டைப் பிரித்தோம். தேவதூதனின் ஒரு இறக்கை உண்மையிலேயே கொஞ்சம் தொங்கிப் போயிருந்தது.

வைக்கோல் பரப்பி எல்லாரையும் நிறுத்தி முடித்தபோது, அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து கொலுச் செட்டியாரையும் செட்டிச்சியையும் எடுத்துவந்து தொழுவத்துக்கு வலது பக்கம் உட்கார வைத்தாள். முன்னால் சின்னக் கிண்ணங்களில் அரிசி, துவரம்பருப்பு, மிளகாய்.

"அத்தை, பெத்லகேம்ல செட்டியார் கடையா?" என்றாள் மனைவி.

"புள்ளை பெத்தவ இருக்கா. சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவா?" என்றாள் அம்மா.

ஸ்பெயினில் பல வீடுகளில் மூன்று ராஜாக்களையும் முதல் நாளே தொழுவத்தில் வைக்க மாட்டார்கள், தூரத்தில் வைத்து தினமும் கொஞ்சம் நகர்த்தி ஜனவரி 6க்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அப்பாவின் தறி இருந்த அறையிலிருந்து ராஜாக்கள் கிளம்பினார்கள். நடையில் இரண்டு நாள், டிவி மேஜையடியில் ஒரு நாள், பூஜை அறை வாசலில் மூன்று நாள் தங்கினார்கள். கூட்டும்போது அம்மா ராஜாக்களை எடுத்துப் பெருக்கிவிட்டு, எந்த இடத்தில் இருந்தார்களோ அங்கேயே திரும்ப வைப்பாள். ஒரு நாள் அரை அடி பின்னால் வைத்துவிட்டாள் என்று பேத்தியிடம் பேச்சு வாங்கினாள்.

ஆறாம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். அன்று ராத்திரி குடிலைப் பிரித்துவிடலாமா என்று கேட்டேன். அதற்கு முன்னால் ஒன்று பாக்கி இருக்கிறது என்றாள் அம்மா. கொலு முடிகிற ராத்திரி ஒரு பொம்மையையாவது படுக்க வைத்துத் தூங்கச் செய்த பிறகுதான், மறுநாள் மற்றவற்றை எடுப்பது எங்கள் வழக்கம். குழந்தை ஏற்கெனவே படுத்திருக்கிறது என்றாள் மகள். அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு ராஜாக்களில் வயசானவராகத் தெரிந்தவரை, வெள்ளைத் தாடிக்காரரை, மெதுவாக வைக்கோலில் சாய்த்துப் படுக்க வைத்தாள்.

"ரொம்ப தூரம் நடந்து வந்திருக்காரு," என்றாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனோம்.